ஒரு சமையலறை நீங்கலாக

அறிவிப்பைக் கொண்டுவந்து கொடுத்தவர் அவள் புருஷன்தான். காவலாளிச் சட்டை, தொப்பி, கழுத்தில் விசில் எல்லாம் போட்டுக்கொண்டு, தெருப்பக்கம் வந்து நின்று, தன் வீட்டுக் கதவைத் தானே தட்டினார்.

"கதவு தொறந்துதானே கிடக்கு, எதுக்குத் தட்டறீங்க?" என்றாள் பைண்டிங்கம்மா. கையில் பசைத் தூரிகை இருந்தது.

"டூட்டில இருக்கேன். டூட்டில இருந்தா தட்டித்தான் ஆகணும்." அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "இந்த வீட்ல குடியிருக்கிறது யாரு?"

"என்னங்க, உடம்புக்கு ஏதாவது பண்ணுதா?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லு. சொன்னாத்தான் குடுக்கலாம்."

"நான், உங்கம்மா. சாப்பாட்டு நேரத்துக்கு நீங்க."

அந்தப் பதில் விதிகளுக்கு உட்பட்டதாக இருந்திருக்க வேண்டும். தாளை நீட்டினார். கையெழுத்து வாங்கிக்கொண்டார். திரும்பி நடந்தவர் நாலடி போய் நின்று, "சாயங்காலம் வந்து விவரமாச் சொல்றேன், இப்ப பேசக் கூடாது" என்று ரகசியக் குரலில் சொல்லிவிட்டுப் போனார்.

தாளில் இருந்தது இதுதான். வளைகோடு, பரப்பு மற்றும் பலகோண உயராய்வு நிலையத்தின் புதிய சுற்றுச்சுவருக்கு உள்ளே இருக்கும் தனியார் வீடுகள் ஆண்டு விழாவுக்குப் பிறகு இடிக்கப்படும். சுவருக்கு வெளியே இருக்கும் வீடுகளுக்கு, நிலையத்தின் குழாயிலிருந்து இதுவரை போய்க்கொண்டிருந்த தண்ணீர் துண்டிக்கப்படும். தங்கள் வீடு உள்ளே இருக்கிறதா வெளியே இருக்கிறதா என்பதை இதற்கென அமைக்கப்பட்ட நிர்ணயக் குழு முடிவு செய்யும். தாங்களாக எதையும் முடிவு செய்துகொள்ள வேண்டாம்.

கட்டிலில் கால் நீட்டி உட்கார்ந்திருந்த மாமியார், "என்னடி எழுதியிருக்கு?" என்றாள்.

"நாம உள்ளன்னா வீடு போயிடும் அத்தை. வெளியன்னா தண்ணி போயிடும்."

"ரெண்டுல எது வசதியோ அதைச் சொல்லிட்டு வா," என்றாள் மாமியார். கத்திரிக்கோல் வாங்கி வரச் சொல்வதுபோல.

நிலையம் வருவதற்கு முன்பே அந்த வீடு அங்கே இருந்தது. முன்கதவைத் திறந்தால் தெரு. பின்கதவைத் திறந்தால் நிலையத்தின் தோட்டம். பின்பக்கம் ஒரு குழாய், ஒரு கழிவறை. கூடத்தில் அழுத்துக்கட்டை, நூல் கண்டுகள், வெட்டுக் கத்தி, எப்போதும் கொஞ்சம் புளித்த பசை வாடை. நிலையத்து ஆய்வேடுகளையெல்லாம் அவள்தான் தைத்து, அட்டை கட்டி, முதுகில் பொன்னெழுத்து ஒட்டிக் கொடுத்தாள். மாணவர்கள் பின்பக்க ஜன்னல் வழியாகக் கட்டுகளைத் தள்ளிவிட்டுப் போவார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று அவள் படித்ததில்லை. எடையைத்தான் அறிவாள். ஒரு தேற்றம் மட்டும் அவளுக்கு நன்றாகப் பரிச்சயம், ஏனென்றால் அதற்கு எப்போதும் தடித்த ஊசி வேண்டும்.

அந்தத் தேற்றம் பேசுவது ஒரு கோட்டைப் பற்றி. புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்து சேர வேண்டும், வழியில் தன்னைத் தானே வெட்டிக்கொள்ளக் கூடாது. அப்படிப்பட்ட கோடு எவ்வளவு கோணல்மாணலாகப் போனாலும் தளத்தை உள்ளே, வெளியே என்று இரண்டாகப் பிரித்துவிடும். கேட்டால், இதைச் சொல்ல ஒரு ஆளா என்று தோன்றும். நிரூபிக்கப் போனால்தான் தெரியும், தலைமுடி கொட்டிவிடும். நிலையத்தில் வழுக்கைத் தலைகள் அதிகம்.

இயக்குநர் இந்தத் தேற்றத்தின்மேல் உயிரையே வைத்திருந்தார். ஆண்டு விழாவுக்கு அதைச் செங்கல்லிலேயே கட்டிக் காட்டிவிட வேண்டும் என்று ஆசைப்பட்டார். "நேரான சுவரை எந்த முட்டாளும் கட்டுவான்," என்று அடிக்கல் விழாவில் பேசினார். "நாம் கட்டப்போகும் சுவரைப் பார்த்தால், தான் எந்தப் பக்கம் நிற்கிறோம் என்றே எவனுக்கும் தெரியக் கூடாது. அதுதான் ஆராய்ச்சி." அப்படியே ஆயிற்று. சுவர் தோட்டத்துக்குள் நுழைந்து, சுருண்டு, தெருப்பக்கம் மூக்கை நீட்டி, மறுபடி உள்ளே ஓடியது. தபால்காரர் ஒருநாள் முழுக்கச் சுற்றிவிட்டுத் தபால்களோடு வீட்டுக்குப் போய்விட்டார்.

சுவர் பைண்டிங்கம்மாவின் வீட்டை எட்டியபோது கொத்தனார் வேலையை நிறுத்திவிட்டுப் பொறியாளருக்குப் போன் போட்டார். பொறியாளர் கூட்டத்தில் இருந்தார். "குறுக்க ஒரு வீடு இருக்கு சார்." "அதனால என்ன, சேத்துடு," என்றார் பொறியாளர். கொத்தனார் சேர்த்துவிட்டார். சுவர் வீட்டின் இடது பக்கத்தில் வந்து முட்டி நின்றது, வலது பக்கத்தில் மறுபடி புறப்பட்டது. பைண்டிங்கம்மா அவருக்கு டீ போட்டுக் கொடுத்தாள். நல்ல வேலை, ஒரு இடுக்கு இல்லை.

*

நிர்ணயக் குழு கூடிய அறையில் ஐந்து மூலை மேசை ஒன்று இருந்தது. எந்த மூலை தலைமை என்று சண்டை வராமல் இருக்க ஐந்து பக்கமும் வேறு வேறு நீளத்தில் செய்யப்பட்டிருந்தது. நடுவில் இயக்குநர், அவரைச் சுற்றி வளைகோட்டுப் பேராசிரியர், பலகோணப் பேராசிரியர், பரப்புப் பேராசிரியர். எல்லோரும் எழுந்து நின்று, புள்ளி என்றால் என்ன, கோடு என்றால் என்ன, தளம் என்றால் என்ன என்று ஒரே குரலில் ஒப்பித்தார்கள். பைண்டிங்கம்மாவும் எழுந்து நின்றாள். உண்மையில் அவள் உட்காரவே இல்லை. அவளுக்கு நாற்காலி போடப்படவில்லை.

"முதலில் இந்த அம்மாளின் வீட்டை ஒரு புள்ளியாக எடுத்துக்கொள்வோம்," என்றார் வளைகோட்டுப் பேராசிரியர்.

"ஐயா, எங்க மாமியாருக்குக் கட்டில் இருக்குதுங்க."

"அதையும் புள்ளியில் சேர்த்துக்கொள்ளலாம். புள்ளி இடத்தை அடைப்பதில்லை. அதனால்தான் உங்களுக்கு நாற்காலியும் போடவில்லை. தவறாக நினைக்கக் கூடாது."

"எங்க வீடு சுவருக்கு நடுவுல இருக்குதுங்க ஐயா. சுவரே எங்க வீட்ல வந்துதான் முட்டுது."

மேசையைச் சுற்றி ஒரு பரிவான சிரிப்பு ஓடியது.

"அம்மா," என்றார் இயக்குநர், வரைபடத்தை விரித்து. "இதோ சுவர். இது ஒரு கோடு. கோட்டுக்கு நீளம் உண்டு, அகலம் இல்லை. இது வரையறை. அகலமே இல்லாத ஒன்றின் நடுவில் ஒரு வீடு இருக்க முடியாது. நீங்கள் சொல்வதை ஒப்புக்கொண்டால் உங்கள் வீடே இல்லை என்றாகிவிடும். உங்களுக்காகத்தான் சொல்கிறேன், அதை வற்புறுத்தாதீர்கள்."

அவள் வற்புறுத்தவில்லை. வீடு இருக்கிறது என்று அத்தனை பேரும் ஒப்புக்கொண்டதே பெரிய விஷயமாகத் தோன்றியது.

அடுத்து பலகோணப் பேராசிரியர் மேசையைத் தட்டினார். இந்தச் சுவர் வளைகோடே இல்லை என்றார். ஒவ்வொரு செங்கல்லும் நேர். நேர்க்கோடுகளை முனையோடு முனை சேர்த்தால் அது பலகோணம். பக்கங்கள் அதிகம், அவ்வளவுதான். ஆகவே விசாரணை பலகோணத் துறைக்கு வர வேண்டும். வளைகோட்டுப் பேராசிரியர் விடவில்லை. "பூச்சு வேலை ஆன பிறகு வந்து பாருங்கள்," என்றார், "தடவிப் பார்த்தால் எங்கேயாவது முனை தெரிகிறதா?" மத்தியானம் வரை விவாதித்து, பூசிய பகுதி வளைகோட்டுத் துறைக்கும் பூசாத பகுதி பலகோணத் துறைக்கும் என்று பிரித்துக்கொண்டார்கள். அன்று மாலையே இரண்டு துறைகளும் தனித்தனியாகக் கொத்தனாரைப் போய்ப் பார்த்தன. ஒருவர் சீக்கிரம் பூசச் சொன்னார். இன்னொருவர் பூசவே வேண்டாம் என்றார்.

பரப்புப் பேராசிரியர் கடைசிவரை பேசவில்லை. கிளம்பும்போது மட்டும் சொன்னார். "தளம் என்கிறீர்கள். பூமி உருண்டை என்பது இந்தக் குழுவுக்குத் தெரியுமா? உருண்டையின்மேல் கோடு போட்டால் இரண்டு பக்கமும் ஒன்றுதான். சின்னதை உள்ளே என்றும் பெரியதை வெளியே என்றும் சொல்வது பழக்கதோஷம்."

இயக்குநரின் முகம் மெல்ல மலர்ந்தது. "அப்படியென்றால் சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கும் உலகம் முழுவதும் நம் வளாகம்?"

"அப்படியும் சொல்லலாம்."

"அது அடுத்த நிதியாண்டில் பார்க்கலாம்," என்றார் இயக்குநர். ஆனால் அன்றிலிருந்து தெருவில் போகிறவர்களை அவர் பார்க்கும் பார்வையில் ஒரு உரிமை வந்துவிட்டது.

வீட்டுக்கு நடந்து வரும்போது பைண்டிங்கம்மா யோசித்தாள். உள்ளேயா வெளியேயா என்று அவளை இதுவரை யாரும் குழு வைத்து விசாரித்ததில்லை. ஆனால் கேள்வி புதிதல்ல. விருந்தாளிகள் வந்தால் மாமியார் "எங்க வீட்டுப் பொண்ணு" என்பாள். பால் பொங்கி வழிந்தால் "வந்தவளுக்கு எங்கே தெரியப்போகுது" என்பாள். இரண்டு சொல்லுக்கும் நடுவில் சில சமயம் ஒரு நிமிடம்கூட இருக்காது. கல்யாணமான புதிதில் ஒவ்வொரு தடவையும் நெஞ்சு ஏறி இறங்கியது. பிறகு பழகிப்போய்விட்டது. நிலைப்படிமேல் நின்றுகொண்டே வேலை செய்யப் பழகிவிட்டாள். நிலைப்படியில் நிற்கிறவர்களை யாரும் உட்காரச் சொல்வதில்லை, போகவும் சொல்வதில்லை.

*

கயிறு வந்தது அடுத்த வாரம்.

முறை எளிமையானது என்று வளைகோட்டுப் பேராசிரியர் விளக்கினார். சந்தேகப்படும் இடத்திலிருந்து, வெளியே என்று சந்தேகமில்லாமல் தெரிந்த ஒரு இடத்துக்குக் கயிற்றை நேராகக் கட்ட வேண்டும். சந்தேகமில்லாத இடமாகப் பேருந்து நிறுத்தத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். கயிறு சுவரை எத்தனை தடவை தாண்டுகிறது என்று எண்ண வேண்டும். ஒற்றைப்படை என்றால் உள்ளே. இரட்டைப்படை என்றால் வெளியே.

வளைகோட்டுப் பேராசிரியர் முன்கதவிலிருந்து கயிற்றைக் கட்டினார். இரட்டைப்படை வந்தது. வீடு வெளியே. பலகோணப் பேராசிரியர் வேண்டுமென்றே பின்கதவிலிருந்து கட்டினார். ஒற்றைப்படை வந்தது. வீடு உள்ளே. கயிற்றின் மறுமுனையில் பேருந்துக்காக நின்றவர்களில் ஒருவர், ஏதோ விழா என்று நினைத்து, அதைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

"கயிறு தப்பா இருக்குமோ?" என்றாள் பைண்டிங்கம்மா.

"தேற்றம் தப்பாகாது," என்றார் வளைகோட்டுப் பேராசிரியர்.

"எண்ணிக்கை தப்பாகாது," என்றார் பலகோணப் பேராசிரியர்.

"அப்ப வீடுதான் தப்பு," என்றாள் மாமியார் கட்டிலிலிருந்து. பேராசிரியர்கள் இருவரும் முதல்முறையாக ஒருமித்துத் தலையாட்டினார்கள்.

குழு தன் முடிவை எழுத்தில் தந்தது. சமையலறை உள்ளே. கூடம் வெளியே. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் நிலைப்படியே எல்லை. ஆண்டு விழா முடிந்ததும் சமையலறை இடிக்கப்படும், கூடத்துக்குத் தண்ணீர் இன்றே நிறுத்தப்படும். கூடத்துக்குத் தண்ணீர் எப்போதுமே வந்ததில்லை என்பதைக் குழு கவனத்தில் எடுத்துக்கொள்ளவில்லை. விழா முடியும் வரை எல்லை தாண்டும் போக்குவரத்து கண்காணிக்கப்பட வேண்டும். அதற்கு நிலையத்தின் காவலாளி ஒருவர் நியமிக்கப்படுகிறார்.

நிலையத்தில் பகல் காவலாளி ஒருவர்தான். கேட்டில் இருந்த முக்காலியைத் தூக்கிக்கொண்டு பைண்டிங்கம்மாவின் புருஷன் வீட்டுக்கு வந்தார். சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவில் போட்டு உட்கார்ந்தார்.

"நில்லு. எங்கேருந்து வர்ற?"

"அடுப்படிலேருந்து."

"எங்க போற?"

"உங்கம்மாவுக்கு மாத்திரை குடுக்க."

"எவ்ளோ நேரமாகும்?"

"அவங்க முழுங்கறதைப் பொறுத்து."

"டேய்," என்றாள் மாமியார், "நான் முழுங்கறதுக்கும் உன்கிட்ட பாஸ் வாங்கணுமாடா?"

"உனக்கு வேண்டாம்மா. நீ வெளிய இருக்க. உனக்குத் தண்ணிதான் கிடையாது."

"மாத்திரையை எதைக் குடிச்சு முழுங்கறது?"

அவர் யோசித்தார். விதியில் அதற்கு வழி இல்லை. கடைசியில் தன் பாட்டிலிலிருந்து கொடுத்தார். பாட்டில் நிலையத்துடையது அல்ல.

முதல் நாள் அவளுக்குச் சிரிப்பாக இருந்தது. இரண்டாம் நாள் எரிச்சல். "போய்த் தொலைங்க, உங்க இயக்குநர்கிட்டயே போய்க் கேளுங்க" என்று கரண்டியை வீசினாள். கரண்டி எல்லை தாண்டி விழுந்தது. அதைத் திரும்ப எடுக்க அவள் தனியாகக் காரணம் சொல்ல வேண்டியிருந்தது. அதற்கடுத்த நாள் அவள் பசைச் சட்டியோடு நிலைப்படியைத் தாண்டியபோது அவர் எதுவும் கேட்கவில்லை. அவள் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன?"

"தினமும் இவ்ளோ தடவையா போற?"

"எவ்ளோ தடவை?"

"எண்ணலை. எண்ணச் சொல்லலையே." கொஞ்ச நேரம் விசிலை விரலில் சுற்றினார். "கால் வலிக்காதா உனக்கு?"

அவள் கூடத்துக்குப் போய், தைக்க வேண்டிய கட்டை எடுத்து வைத்துக்கொண்டாள். ஊசி கோக்க வரவில்லை. இத்தனை வருஷத்தில் அவள் எங்கே போகிறாள், எதற்குப் போகிறாள், எவ்வளவு நேரம் ஆகும் என்று அவர் கேட்டதே இல்லை. கேட்க மாட்டாரா என்று ஏங்கிய காலமும் உண்டு, அது போய் ரொம்ப நாளாயிற்று. இப்போது கேட்கிறார். அலுவலக உத்தரவின் பேரில் கேட்கிறார். ஒவ்வொரு தடவையும் நிமிர்ந்து முகத்தைப் பார்க்கிறார். ஆள் அடையாளம் சரிபார்க்க. சந்தோஷப்படுவதா, தலையில் அடித்துக்கொள்வதா என்று அவளுக்கே பிடிபடவில்லை. ஒருவேளை எல்லாப் புருஷன்களையும் ஒரு வாரம் இப்படி நியமித்துப் பார்க்கலாம் என்று தோன்றியது. சம்பளம் கொடுத்தால் பார்ப்பார்கள் போலிருக்கிறது.

*

விழாவுக்கு முந்தின வாரம் பரப்புப் பேராசிரியர் மறுபடி வாயைத் திறந்தார். அவர் துறைக்கு இந்த விவகாரத்தில் ஒன்றுமே கிடைக்கவில்லை என்ற வருத்தம் அவருக்கு இருந்தது.

"கேட் என்று ஒன்று இருக்கிறதே," என்றார்.

"இருக்கிறது. அதற்கென்ன?"

"அது திறக்கிறது."

கேட் திறந்திருந்தால் சுவர் மூடிய கோடு அல்ல. மூடிய கோடு இல்லையென்றால் உள்ளேயும் இல்லை வெளியேயும் இல்லை. சுவர் எழுந்ததிலிருந்து தினமும் காலை ஒன்பது மணிக்கு நிலையம் இல்லாமல் போய், சாயங்காலம் கேட்டைப் பூட்டியதும் மறுபடி உண்டாகியிருக்கிறது. அதாவது ஆட்கள் வேலை செய்த நேரத்தில் நிலையம் இருந்ததில்லை. பலகோணப் பேராசிரியர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

இயக்குநர் எழுந்தார். அவருடைய மிகச் சிறந்த பேச்சு அதுதான் என்று பிற்பாடு எல்லோரும் சொன்னார்கள். "நண்பர்களே, ஒரு மகத்தான தேற்றத்தை இத்தனை காலம் இரண்டு கீல்கள் கேலி செய்துகொண்டிருந்திருக்கின்றன. நாம் அதன் வழியாகவே சாப்பிடப் போயிருக்கிறோம். கேட்கிறேன், நமக்கு ஆட்கள் வந்து போவது முக்கியமா, வரையறை முக்கியமா? ஆட்கள் நாளைக்கும் வருவார்கள். வரையறை ஒருமுறை போனால் போனதுதான். யாருமே நுழைய முடியாத நிலையம்தான் உண்மையில் முழுமையான நிலையம். என் பதவிக் காலத்திலேயே அதை அடைந்தாக வேண்டும்."

பலத்த கைதட்டல். கேட்டைச் செங்கல் வைத்து அடைப்பது என்று முடிவாயிற்று. கடைசிச் செங்கல்லை விழா நாளன்று இயக்குநர் தன் கையால் வைப்பார்.

விழா நாளன்று காலையில் பேராசிரியர்கள், மாணவர்கள், அலுவலர்கள் எல்லோரும் உள்ளே வந்து உட்கார்ந்தார்கள். காவலாளியை அன்று மட்டும் வீட்டிலிருந்து அழைத்து மேடைப் பக்கம் நிறுத்தியிருந்தார்கள். புகைப்படத்துக்கு வெளிச்சம் உள்பக்கம்தான் நன்றாக இருந்தது, ஆகவே இயக்குநர் உள்ளே நின்று செங்கல்லை வைத்தார். வெளியே நின்ற கொத்தனார் பூசி முடித்துவிட்டுச் சட்டியைக் கழுவிக்கொண்டு கிளம்பினார். சுவர் முழுமையடைந்தது. தலைமை விருந்தினர் இன்னும் வரவில்லை என்பதும், சாப்பாட்டு வண்டி வரவில்லை என்பதும் அதற்குப் பிறகுதான் ஒருவர் மாற்றி ஒருவர் நினைவுக்கு வந்தது.

பைண்டிங்கம்மா கூடத்தில் ஆய்வேடு தைத்துக்கொண்டிருந்தாள். நாளைக்குச் சமையலறை இருக்காது. அடுப்பை எங்கே வைப்பது என்று யோசித்தபடி ஊசியை இழுத்தாள். அடுப்புக்கு ஒரு இடம் பார்த்துவிடலாம். பின்பக்கம் குழாயடியில் தினமும் காலையில் யாரும் எழுந்திருக்கும் முன் அவள் தனியாக நிற்கும் அந்தக் கொஞ்ச நேரத்துக்கு எங்கே இடம் பார்ப்பது?

தெருக்கதவில் யாரோ தட்டினார்கள். கோட்டு போட்ட பெரிய மனிதர், வியர்த்துப் போயிருந்தார். கையில் பூச்செண்டு.

"அம்மா, இங்க ஒரு நிலையம் இருக்கே, அதுக்கு வாசலே இல்லையா? சுத்திச் சுத்தி வரேன்."

"இருந்துச்சுங்க. இன்னிக்கிக் காலைலதான் அடைச்சாங்க."

"சரி, அது போகட்டும்." அவர் ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறினார். "கொஞ்சம் அவசரம். உள்ள எங்கயாவது…"

"இப்படி நேராப் போங்க. அடுப்படி தாண்டி, பின்பக்கம், குழாய்க்குப் பக்கத்துல."

செருப்பைக் கழற்றிவிட்டு ஓடினார். பூச்செண்டை மாமியாரிடம் கொடுத்துவிட்டுப் போனார். நிலைப்படியில் காவலாளி இல்லாததால் யாரும் அவரைத் தடுக்கவில்லை.

அதே நேரத்தில் மேடையில் இயக்குநர் ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டிருந்தார். "இந்தக் கணத்திலிருந்து வெளியே இருக்கும் எதுவும், இந்தச் சுவரைத் தாண்டாமல் உள்ளே வர முடியாது! ஒரே ஒருவர் வந்து காட்டட்டும். இந்தப் பதவியை இங்கேயே ராஜினாமா செய்கிறேன்!"

தோட்டத்துக் கோடியிலிருந்து தலைமை விருந்தினர் ஈரக் கையைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டே வந்தார். வெறுங்காலோடு வந்தார். பேச்சுச் சத்தம் கேட்டு நிம்மதியடைந்தவராக நேரே மேடை ஏறி, "மன்னிக்கணும், தாமதமாயிடுச்சு" என்று நாற்காலியில் உட்கார்ந்தார்.

வளைகோட்டுப் பேராசிரியர் ஒரு முழு வாழ்க்கையைத் தொலைத்த குரலில், "எந்த வழியாக வந்தீர்கள்?" என்றார்.

"ஒரு அம்மா வீட்டு வழியா. நல்ல அம்மா."

ராஜினாமா பற்றிய பேச்சை இயக்குநர் உடனே தெளிவுபடுத்தினார். 'இங்கேயே' என்பது உதாரணத்துக்குச் சொன்ன இடம். அடுத்து, அந்த வீட்டின் இரண்டு கதவுகளையும் உடனே அடைக்கச் சொல்லி உத்தரவிட்டார். செங்கல் தீர்ந்துவிட்டது என்று பொறியாளர் சொன்னார். கொத்தனார் வெளியே இருக்கிறார். சிமெண்ட் வெளியே இருக்கிறது. சாப்பாட்டு வண்டி வெளியே வந்து நின்று, வாசல் தெரியாமல் ஹாரன் அடித்துக்கொண்டிருக்கிறது. ஹாரன் சத்தம் கேட்டதும் கூட்டம் எழுந்துவிட்டது. யார் சொல்லியும் கேட்காமல் மொத்த நிலையமும் பைண்டிங்கம்மாவின் பின்கதவை நோக்கி நடந்தது. முன்னால் இயக்குநர்.

பின்கதவு தாழ்ப்பாள் போட்டிருந்தது. பக்கத்து ஜன்னலில் மாமியாரின் முகம் தெரிந்தது. கையில் பூச்செண்டு.

"பாட்டிம்மா, கொஞ்சம் வழி விடுங்கள்," என்றார் இயக்குநர்.

மாமியார் அவரை மேலும் கீழும் பார்த்தாள். "என்கிட்ட எதுக்குக் கேக்கறீங்க? வீட்டுக்காரி இருக்கா. அவளைக் கேளுங்க."

தாழ்ப்பாளில் கை வைத்திருந்த பைண்டிங்கம்மாவுக்கு அது காதில் விழுந்தது. மாமியார் இதையும் விருந்தாளிகள் முன்னால்தான் சொல்லியிருக்கிறாள். ஆனாலும் 'வீட்டுப் பொண்ணு' என்று சொல்லவில்லை. அவள் திரும்பிப் பார்த்தாள். மாமியார் பூக்களை முகர்ந்துகொண்டிருந்தாள், ஒன்றும் சொல்லாதவள்போல.

கதவை ஒரு சாண் திறந்தாள். "எங்க வீடு உள்ளயா வெளியயாங்க ஐயா?"

"அது… குழு கூடித்தான்…"

"சரி, கூடிட்டுச் சொல்லுங்க. நான் இருக்கேன்." கதவைச் சாத்தினாள்.

ஹாரன் மறுபடி அடித்தது. குழு குழாயடியிலேயே கூடியது. வரலாற்றில் மிகக் குறுகிய கூட்டம் அது. ஒப்பித்தல்கூட நடக்கவில்லை. கோட்டின்மேல் இருக்கும் புள்ளி உள்ளேயும் சேராது, வெளியேயும் சேராது என்பது பாடப்புத்தகத்தின் முதல் பக்கத்திலேயே இருக்கிறது என்றும், அதை எல்லோரும் அறிவோம் என்றும், இதுவரை யாரும் கேட்காததால் சொல்லவில்லை என்றும் வளைகோட்டுப் பேராசிரியர் கூறினார். பூச்சு, செங்கல் என்று பலகோணப் பேராசிரியர் ஏதோ ஆரம்பித்தார், வயிறு சத்தமிட்டது, நிறுத்திக்கொண்டார். ஆகவே அந்த வீட்டுக்கு, சுவருக்கு உள்ளே இருப்பவர்களுக்கான விதியும் பொருந்தாது, வெளியே இருப்பவர்களுக்கான விதியும் பொருந்தாது. இடிக்க முடியாது. தண்ணீரை நிறுத்த முடியாது. இயக்குநர் கையிலிருந்த நிகழ்ச்சி நிரலின் பின்பக்கத்திலேயே எழுதிக் கையெழுத்திட்டு, ஜன்னல் வழியாக நீட்டினார்.

அவள் ஒருமுறை படித்தாள். மாமியாருக்கும் படித்துக் காட்டினாள். பிறகு கதவைத் திறந்தாள்.

"ஒவ்வொருத்தரா வாங்க. செருப்பைக் கைல எடுத்துக்குங்க. ஆய்வேடு காயுது, மிதிச்சிடாதீங்க."

*

அடுத்த வாரம் கேட்டை உடைத்துத் திறந்தார்கள். திறந்திருந்தாலும் மூடியிருப்பதாகவே கருதப்பட வேண்டிய கேட் என்று அதற்கு ஒரு வரையறை எழுதப்பட்டது. தேற்றமும் திருத்தப்பட்டது. ஒவ்வொரு எளிய மூடிய கோடும் தளத்தை உள்ளே, வெளியே என்று இரண்டாகப் பிரிக்கும், ஒரு சமையலறை நீங்கலாக. அதன் நிரூபணம் பைண்டிங்குக்கு வந்தபோது அவளிடம் இருந்த எந்த ஊசியும் போதவில்லை. கோணி ஊசி வாங்க வேண்டியிருந்தது.

அன்று சாயங்காலம் அதற்குப் பொன்னெழுத்து ஒட்டிக்கொண்டிருந்தாள். தெருக்கதவில் தட்டும் சத்தம் கேட்டது. அவள் புருஷன்தான். தொப்பி இல்லை, விசில் இல்லை. வீட்டுச் சட்டையில் இருந்தார்.

"இப்ப டூட்டி இல்லையே. கதவும் தொறந்துதான் இருக்கு. எதுக்குத் தட்டறீங்க?"

"இல்ல…" அவர் தலையைச் சொறிந்தார். "வரலாமான்னு…"

"என்னடா புதுசா?" என்றாள் மாமியார் கட்டிலிலிருந்து.

பைண்டிங்கம்மா அவரைப் பார்த்தாள். சொல்ல வேண்டிய பதில் வாய்வரைக்கும் வந்துவிட்டது. கைகளைப் பார்த்துக்கொண்டாள், விரலெல்லாம் பசை.

"கொஞ்சம் இருங்க. இது காயட்டும்."

அவர் நிலைப்படிமேல் நின்றார், உள்ளேயும் இல்லாமல் வெளியேயும் இல்லாமல். அந்த இடம் எப்படியிருக்கும் என்று அவரும் கொஞ்ச நேரம் நின்று பார்க்கட்டும் என்று அவள் அடுத்த எழுத்தை எடுத்து, அவசரப்படாமல் ஒட்டினாள்.